பி.எஃப்.ஜி. டிவிஷன்: ஒரு ரேடியோ செட்காரன் கேட்டது

இந்தப் பாட்டு தொடங்கும்போது ரேடியோ செட் வேலை, அதாவது விசேஷங்களுக்கு மைக், ஸ்பீக்கர் போடுகிற வேலை தெரிந்த எவன் பக்கத்தில் இருந்தாலும் அவன் கை தானாக ஜாக் பின்னைத் தேடிப் போகும். எர்த் சரியில்லாத இடத்தில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் அடியில் ஒரு இரைச்சல் ஓடுமே, அந்த ரகத்தில்தான் ஆரம்பம். எங்கள் கோடவுனில் முதல் தடவை போட்டபோது என்னிடம் வேலை பார்க்கும் பையன் ஓடிப்போய் மிக்சருக்குப் பின்னால் ஒயரை ஆட்டிப் பார்த்தான். "ஏல, விடுல. அதான் பாட்டு" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

பாட்டு என்று சொன்னாலும் பாடுகிற குரல் கிடையாது. 2016 மே 13 அன்று வெளியான 'டூம்' என்ற கம்ப்யூட்டர் கேமில் சண்டைக்கு வரும் இசை இது. பெயர் 'பி.எஃப்.ஜி. டிவிஷன்'. பி.எஃப்.ஜி. என்பது அந்த கேமின் பெரிய துப்பாக்கி. 1993இல் வந்த முதல் டூமிலிருந்தே இருக்கிறது. அந்த மூன்று எழுத்தின் விரிவாக்கம் குடும்பத்தோடு படிக்கிற இடத்தில் எழுதத் தோதுப்படாது, விட்டுவிடுவோம். இசையமைத்தவர் மிக் கார்டன், ஆஸ்திரேலியாக்காரர். கேமின் இசைத்தொகுப்பு தனியாக அதே வருடம் செப்டம்பரில் வந்தது. மொத்தம் 31 பாட்டு. அதில் இது 8 நிமிடம் 26 விநாடி ஓடுகிறது. அந்த வருடத்து 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் இசைக்கும் ஒலியமைப்புக்கும் கொடுக்கிற பரிசை டூம்தான் வாங்கியது.

எனக்கு கேம் ஆடத் தெரியாது. வீரவநல்லூர்ப் பக்கம் ரேடியோ செட் வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்தால் கொடைகள், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்கள். ஆடி, ஆவணி வரைக்கும் அது ஓடும். மற்ற மாதங்களில் கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம். பாளையங்கோட்டையில் படிக்கிற என் அக்கா மகன்தான் லீவுக்கு வந்தபோது பென் டிரைவை நீட்டி, "மாமா, இதை உங்க பெட்டியில போட்டுக் கேளுங்க. லேப்டாப்ல கேட்டா இது பாட்டே இல்ல" என்றான். அவன் சொன்னதில் பாதிதான் சரி. ஏன் பாதி என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இப்போது எங்கள் பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி எடுக்க வருகிற இளவட்டங்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அண்ணாச்சி, நெஞ்சு அதிரணும்." அதிர வைப்பது பெரிய வித்தை இல்லை. 18 இஞ்ச் பேஸ் பெட்டியில் 40 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை அனுப்பினால் கோடவுன் தகரம் எல்லாம் ஆடும். ஆனால் அதே அலையைப் போனில் போட்டுப் பாருங்கள், ஒன்றுமே கேட்காது. சின்ன ஸ்பீக்கருக்கு அந்த ஆழத்துக்கு இறங்க முடியாது. சுத்தமான சைன் அலையில் அந்த ஒரு அதிர்வெண்ணைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அது போனால் எல்லாம் போயிற்று.

மிக் கார்டன் செய்திருப்பது இந்த இடத்தில்தான். கேமைச் செய்த 'இட் சாஃப்ட்வேர்' (id Software) கம்பெனிக்காரர்கள் ஆரம்பத்தில் அவரிடம் கிட்டாரே வேண்டாம், மெட்டல் இசை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்களாம். 2017இல் கேம் செய்பவர்களுக்கான மாநாட்டில் அவரே ஒரு மணி நேரம் போல விளக்கிப் பேசிய வீடியோ இருக்கிறது, ஒலி வேலை பார்ப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கிட்டார் இல்லை என்றதும் அவர் வெறும் சைன் அலையையும், எல்லா அதிர்வெண்ணும் கலந்த வெள்ளை இரைச்சலையும் எடுத்துக்கொண்டார். அதை நான்கு வழியாகப் பிரித்து, ஒவ்வொரு வழியிலும் டிஸ்டார்ஷன் பெடல், கம்ப்ரசர், டேப் மெஷின், எக்கோ என்று கையில் இருந்த சாமானை எல்லாம் வரிசையாகக் கோத்து, கடைசியில் நான்கையும் ஒன்றாகச் சேர்த்தார். உள்ளே போனது சுத்தமான அலை, வெளியே வந்தது கரடுமுரடான ஒரு உறுமல்.

கரடுமுரடு என்றால் என்ன? 40 ஹெர்ட்ஸ் அலையை டிஸ்டார்ஷனில் கெடுத்தால் கூடவே 80, 120, 160 என்று மேல்வரிசை அதிர்வுகள் முளைக்கும். சின்ன ஸ்பீக்கர் அந்த 40ஐக் கொடுக்காது. மேலே உள்ளவற்றில் பாதியையாவது கொடுத்துவிடும். அந்த மேல்வரிசையின் இடைவெளியைப் பிடித்துக்கொண்டு நம் காது அடியில் இல்லாத 40ஐத் தானே கட்டிக்கொள்ளும். இது நான் சொல்கிற கதை இல்லை, காதின் இயல்பே அப்படித்தான். போனில் பேசும்போது ஆண் குரலின் அடித்தொனி பெரும்பாலும் வராது, ஆனாலும் ஆண் பேசுகிறார் என்று நமக்குத் தெரிகிறதே, அதே கணக்கு.

அதனால்தான் மருமகன் சொன்னது பாதி சரி. லேப்டாப்பில் இந்தப் பாட்டின் எடை குறையும், ஆனால் அடித்தொனி எங்கே நிற்கிறது என்பது காணாமல் போகாது. சோதித்துப் பார்க்க என்னிடம் இருக்கிற பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்றிலும் போட்டேன். குழாய்க்கு பேஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அதிலும் மெட்டு கேட்டது. காது கிழிந்தது என்பது வேறு விஷயம்.

அப்புறம் கிட்டாரும் வந்து சேர்ந்தது. வேண்டாம் என்றவர்கள் வேலை போகப் போக இளகியிருக்கிறார்கள். வந்த கிட்டார் சாதாரணமானது இல்லை, ஒன்பது கம்பி. வழக்கமான ஆறு கம்பி கிட்டாரில் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரில் 41. ஒன்பது கம்பிக் கிட்டாரை வழக்கப்படி சுருதி சேர்த்தால் கடைசிக் கம்பி 35 ஹெர்ட்ஸ் அருகே போய்விடும். அதாவது கிட்டாரே பேஸ் கிட்டாருக்குக் கீழே இறங்கி நிற்கிறது. இப்படி எல்லாரும் ஒரே பள்ளத்தில் இறங்கினால் மிக்சிங்கில் சகதியாகிவிடும். டிரம்மின் கிக் எங்கே, சிந்தசைசர் எங்கே, கிட்டார் எங்கே என்று பிரித்துக் கேட்க முடியாது.

இதில் சகதி இல்லை. காரணம் வெட்டு. இரண்டு அடி, ஒரு வெட்டு, திரும்ப அடி என்றுதான் முக்கியமான மெட்டு போகிறது. ஸ்வரம் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். வெட்டுகிற இடத்தில் கிட்டாரின் வாலை விடாமல் அறுத்திருக்கிறார்கள். அந்த இடுக்கில் கிக் வந்து உட்காருகிறது. கோடவுனில் கேட்டபோது இது எனக்குப் பிடிபடவில்லை, தகரக் கூரை எக்கோவே இடுக்கை எல்லாம் அடைத்துவிட்டது. பெட்டிகளைத் தென்னந்தோப்புக்குக் கொண்டுபோய், பகல் நேரத்தில்தான், மரங்களுக்கு நடுவே வைத்துக் கேட்டபிறகுதான் பாட்டு தெரிந்தது. நாலு சுவருக்குள் பெரிய பெட்டியில் இதைக் கேட்கிறவர்கள் ஒரு ஜமுக்காளத்தையாவது சுவரில் தொங்கவிடுங்கள்.

தோப்பில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கணியான் கூத்துக்காரர்கள் சிலர் வந்தார்கள். பக்கத்து ஊர் சுடலை கோயில் கொடைக்கு மைக் எத்தனை வேண்டும் என்று பேச வந்தவர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கணியான் கூத்துக்கு மகுடம் என்கிற தோல் வாத்தியம் இரண்டு. ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தோலைத் தீயில் காட்டி விறைப்பாக்கித்தான் அடிப்பார்கள். அண்ணாவி பாடுவார், பெண் வேடம் கட்டியவர்கள் ஆடுவார்கள். எனக்கு ஒவ்வொரு வருடமும் தலைவலி இந்த மந்தத்துக்கு மைக் வைப்பதுதான். கிட்டத்தில் வைத்தால் இரையும், தள்ளி வைத்தால் கூட்டத்து சத்தம் உள்ளே வந்துவிடும்.

உச்சம் அடிக்கிற பெரியவர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். முகம் சுளிக்கவில்லை. "நல்லாத்தான் அடிக்கான்" என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "யாருக்கு அடிக்கான்? ஆடுத ஆளு எங்க?"

இந்தப் பாட்டைப் பற்றி இணையத்தில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இதைவிடச் சரியான கேள்வியை நான் படிக்கவில்லை. கொடையில் சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வருகிற நேரத்தில் மகுடம் அடிப்பவர் தாளக் கணக்கை எண்ணிக்கொண்டு இருக்க மாட்டார். அவர் கண் கோமரத்தாடியின் காலில் இருக்கும். கால் தயங்கினால் அதே அடியைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டே காத்திருப்பார். கால் தரையை விட்டு எழும்பியதும் அடுத்த அடிக்குத் தாவுவார். சில சமயம் ஆடுபவர் முந்துவார், சில சமயம் அடி முந்தி அவரை இழுத்துக்கொண்டு போகும். எட்டு நிமிடமா எண்பது நிமிடமா என்று யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

மருமகனைக் கூப்பிட்டு லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னேன். பெட்டியில் சேர்த்துவிட்டு கேமை ஆட வைத்தேன். பேய்கள் வருகிற வளாகத்துக்குள் போனதும் இசை எழுந்தது. ஆனால் கோடவுனில் கேட்ட வரிசையில் இல்லை. அவன் சுற்றி ஓடிக்கொண்டிருந்தபோது சிந்தசைசர் மட்டும் துடித்தது. நெருங்கிச் சண்டை போட்டபோது கிட்டார் இறங்கியது. கடைசிப் பேய் விழுந்ததும் ஒரு முத்தாய்ப்போடு அடங்கியது. மிக் கார்டன் முழுப் பாட்டாகச் செய்து கொடுக்கவில்லை. துண்டு துண்டாகச் செய்திருக்கிறார். சண்டையின் போக்கைப் பார்த்து கேம் அந்தத் துண்டுகளைக் கோத்துக்கொள்கிறது.

அந்த கேமின் விதியும் இதற்கு ஒத்துப்போகிறது. மருமகன் சொன்னான்: சுவருக்குப் பின்னால் ஒளிந்து உடம்பைத் தேற்றிக்கொள்ள முடியாது. உயிர் குறைந்தால் அடிபட்டுத் தள்ளாடுகிற பேயிடம் ஓடிப்போய்க் கையால் முடித்தால் உயிர் கூடும். குண்டு தீர்ந்தால் ரம்பத்தை எடுக்க வேண்டும். துப்பாக்கியை ரீலோட் செய்வது என்பதே இல்லை. நின்றால் செத்தோம். அதனால்தான் இசையும் நிற்கவிடாமல் முன்னே தள்ளுகிறது. பெரியவர் கேட்ட ஆளு மவுஸைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

பெரியவர் திரையில் ஓடிய ரத்தத்தை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. "இப்ப மாத்துவான் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பெரும்பாலும் அவர் சொன்ன இடத்தில்தான் மாறியது. ஒரு இடத்தில் மட்டும் ஏமாந்தார். பேய்கள் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, இவன் வழி தெரியாமல் மூலையில் நின்றுகொண்டிருந்தான். இசை மட்டும் உச்சத்தில் ஓடியது. "அங்க அவன் கால பாக்கல" என்றார். இந்த கேம் இசை மீது எனக்கும் உள்ள குறை அதுதான். எத்தனை பேய் மிச்சம் இருக்கிறது என்பது அதற்குத் தெரிகிறது. ஆடுபவன் மூச்சு வாங்குவது தெரியவில்லை.

இப்போது தனியாக விற்கிற பாட்டுக்கு வருவோம். இங்கே ஆளே கிடையாது, 8 நிமிடம் 26 விநாடியை இசையமைப்பாளர் தானே நடத்திச் செல்ல வேண்டும். முதல் பாதியில் நன்றாகவே நடத்துகிறார். அந்த எர்த் இரைச்சலில் தொடங்கி, துடிப்பு ஏறி, கிட்டார் விழுகிற இடம் வரை பிசகே இல்லை. கிட்டார் விழும் இடம் முன்பே தெரிந்திருந்தும் விழும்போது உடம்பு ஒரு தரம் அசைகிறது. நடுவில் அடங்குகிறது. அந்த அடக்கம் எனக்குக் கொஞ்சம் நீளம். கேமில் அந்த நேரத்தில் ஆடுபவனுக்கு வேறு வேலை இருக்கும், சும்மா உட்கார்ந்து கேட்பவனுக்கு இல்லை. திரும்ப ஏறும்போது பழைய மெட்டே வருகிறது. ஆறு நிமிடத்தில் முடித்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

இன்னொரு குறை சத்தம். வெட்டுகள் தவிர்த்த இடங்களில் மீட்டர் மேலேயே நிற்கிறது. 3, 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கிட்டாரின் கூர்மை கொஞ்சம் அதிகம். தோப்பில் டாப் பெட்டியை நான் குறைத்துத்தான் வைத்தேன். ஆனாலும் இதன் அடுத்த பாகமான 'டூம் எட்டர்னல்' இசைத்தொகுப்போடு பார்த்தால் இது தேவலை. 2020இல் அது வந்தபோது அலைவடிவப் படத்தைப் போட்டு, எல்லாம் ஒரே மட்டத்துக்கு நசுங்கிக் கிடக்கிறது என்று ரசிகர்களே கேள்வி கேட்டார்கள். அதில் பெரும்பாலான பாட்டுகளின் மிக்சிங் தன்னுடையது இல்லை என்று மிக் கார்டன் சொல்ல, அது அவருக்கும் கம்பெனிக்கும் இடையே பெரிய தகராறாகிவிட்டது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே நான் போகவில்லை. சத்தத்தை நசுக்கினால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்புபவர்கள் இரண்டு தொகுப்பையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

அதே 2016 தொகுப்பில் 'சைபர்டீமன்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. அதை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேரில் திறந்து, அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றினால் ஐங்கோண நட்சத்திரமும் 666 என்ற எண்ணும் படமாகவே தெரியும். ஒலிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். மருமகன் பெரிய ரகசியம் போலக் காட்டினான். சுடலைமாடன் பூடத்துக்கு எதிர்வீட்டில் வளர்ந்தவனிடம் காட்டி என்ன செய்ய? ஆனால் வேலைத்திறனுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

கொடைக்கு இதைப் போடலாமா என்று எங்கள் தெருப் பையன்கள் கேட்டார்கள். போட மாட்டேன். அங்கே அடிக்க ஆள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பார்க்கக் கண்ணும் இருக்கிறது. கல்யாண வரவேற்பிலும் எடுபடாது, கூட்டம் குரலுக்காகக் காத்திருக்கும், குரல் வரவே வராது. ஆனால் பெட்டி செக்கிங்குக்கு இதைவிட நல்லதை நான் இன்னும் காணவில்லை. பேஸ் பெட்டியில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் முதல் நிமிடத்திலேயே கடகடக்கும். பேஸையும் மேல் ஒலியையும் தனித்தனிப் பெட்டிக்குப் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவரைத் தப்பாக வைத்திருந்தால் கிக்கும் கிட்டாரும் ஒட்டிக்கொள்ளும், வெட்டு கேட்காது. வெட்டு சுத்தமாகக் கேட்டால் செட் சரி என்று நான் பந்தலை விட்டு இறங்கிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபயரை மட்டும் முழுசாகத் திறக்க வேண்டாம். இந்தப் பாட்டு இடைவிடாமல் பேஸ் காயிலைச் சூடாக்கும், காயில் போனால் மாற்றுகிற கூலி உங்களுடையது.

புதிதாகக் கேட்பவர்கள் முதலில் தொகுப்பில் உள்ள 'அட் டூம்ஸ் கேட்' என்ற சின்னப் பாட்டைக் கேட்டுவிட்டு இதற்கு வரலாம். 1993 கேமின் முதல் கட்டத்துக்கு பாபி பிரின்ஸ் போட்ட மெட்டை மிக் கார்டன் தன் பாணியில் எடுத்துச் செய்தது அது. எங்கிருந்து வந்தார் என்று தெரியும். கையில் கேமும் ஆடத் தெரிந்த பிள்ளையும் இருந்தால் தொகுப்பை விட்டுவிட்டு நேரே கேமிலேயே கேளுங்கள். போனில் இயர்போன் மாட்டிக் கேட்பதென்றால் பேஸ் பூஸ்டை அணைத்துவிடுங்கள், கெடுத்துக் கொடுத்த அலையை இன்னொரு தரம் கெடுத்தால் அந்த வெட்டு போய்விடும். சத்தம் பாதிக்கு மேல் வேண்டாம்.